“ஒண்டுமில்லை” என்று எழும்பி நிற்பவர்

ரயிலும் வாகனங்களும் ஒரே இரும்புப் பாலத்தால் போன காலம் ஓட்டமாவடியில் முடிந்துவிட்டது. இன்று வாகனங்களுக்குப் புதிய பாலம். அதன் இரு பக்கமும் நேரான காபட் வீதி. இரவில் அந்த வீதியிலேயே மாடுகளும் படுத்துக் கிடக்கும். மோட்டார் சைக்கிளின் வேகம் 30 கிலோமீற்றரிலிருந்து 60 ஆனால், மோதலின் ஆற்றல் இரு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. காரில் இருப்பவருக்குத் தகரமும் பட்டியும் துணை. இங்கே பெரும்பகுதியை உடம்புதான் தாங்கவேண்டும்.

விழுந்தவர் பல வேளை தானே எழும்பிவிடுவார். சாரனைத் தட்டிக் கட்டிக்கொண்டு, “ஒண்டுமில்லை காக்கா, லேசா உரஞ்சினதுதான்” என்பார். கூடி நின்றவர்களும் கலைந்துவிடுவார்கள். எனக்கு அதிகம் பயம் இவரை நினைத்துத்தான். அடிபட்ட உடனே இரத்தத்தில் அட்ரினலின் பாய்கிறது; மூளையும் வலியைச் சற்று நேரம் அடக்கி வைக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு வலி தெரிவதில்லை.

காதுக்கு முன்னால், பொட்டுப் பகுதியில் மண்டையோடு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டியே ஓர் இரத்தநாடி ஓடுகிறது. எலும்பு வெடித்து நாடி கிழிந்தால், மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையில் இரத்தம் சேரத் தொடங்கும். முதலில் மயங்கி, பிறகு தெளிந்து, பேசிச் சிரித்து, தேநீர் குடித்து, சில மணி நேரத்தில் சரிந்து விழுவோர் உண்டு. இடையில் வந்த அந்தத் தெளிவுதான் வீட்டாரை ஏமாற்றுகிறது. கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சுக் குழறல், எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நேரத்தோடு திறந்து இரத்தத்தை எடுத்துவிட்டால் பலர் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். அதனால்தான் தாமதம் இத்தனை வேதனையானது.

வயிறும் இப்படித்தான். ஹாண்டில் குத்திய இடத்தில் தோலில் ஒரு கீறல்கூட இல்லாதிருக்கலாம். உள்ளே மண்ணீரல் கிழிந்திருக்கும். வயிற்றில் அடிபட்டவருக்கு இடது தோளில் காரணமில்லாத நோவு வந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கை. தொடை எலும்பு முறிந்தால் தொடைக்குள்ளேயே ஒரு லீற்றருக்கும் மேல் இரத்தம் கசியலாம். பெரியவர் ஒருவரின் உடம்பில் இருப்பதே ஏறத்தாழ ஐந்து லீற்றர்.

விழுந்து கிடப்பவரைக் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி, முச்சக்கரவண்டிக்குள் மடித்து இருத்தி ஓடுவது நம் ஊரின் நல்ல மனசு. ஆனால் கழுத்தெலும்பு முறிந்திருந்தால், அந்த மடிப்பு முள்ளந்தண்டு வடத்தை நசுக்கி ஆளை ஆயுளுக்கும் முடமாக்கிவிடும். முதலில் வருகிற வாகனங்களை மறியுங்கள். ஒருவர் 1990க்கு எடுக்கட்டும். 2016இல் மேற்கிலும் தெற்கிலும் தொடங்கிப் பின் நாடெங்கும் விரிந்த சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். தலையை அசையாமல் பிடித்திருங்கள். மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றவே வேண்டாம், கண்ணாடியை மட்டும் உயர்த்துங்கள். மூச்சு நின்றாலோ வாந்தி அடைத்தாலோ கழற்றியே ஆகவேண்டும்: ஒருவர் கழுத்தையும் தாடையையும் தாங்க, மற்றவர் இரு பக்கமும் விரித்து மெல்ல இழுக்க வேண்டும். இரத்தம் பாயும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்துங்கள். கோப்பித்தூள் வேண்டாம். சோடாவும் தண்ணீரும் வேண்டாம். சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போகலாம்.

விழுந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ட்ரனெக்சாமிக் அமிலம் என்ற மலிவான மருந்து, உறைந்த இரத்தம் கரைவதைத் தடுக்கிறது. 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட காயக்காரர்களிடம் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு மணி நேரத்துக்குள் இதை ஏற்றியவர்களில் இரத்தப்போக்கால் இறப்பது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது; மூன்று மணி நேரம் கடந்தால் நன்மைக்குப் பதில் தீமையே தெரிந்தது. வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை பக்கத்தில். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். “எத்தனை மணிக்கு விழுந்தார், இடையில் மயங்கினாரா?” என்று வைத்தியர் கேட்பார். அதற்குப் பதில் தெரிந்தவர் ஒருவராவது கூடப் போகவேண்டும்.