எதற்குப் போட்டோம் அந்தக் கையெழுத்து?

சித்தப்பாவை ஆஞ்சியோகிராமுக்கு உள்ளே கொண்டுபோன அரை மணி நேரத்தில் ஒரு நர்ஸ் வெளியே வந்தார். கையில் அட்டை, அதில் நான்கு தாள், நான்கும் ஆங்கிலம். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் முன்கூட்டியே பெருக்கல் குறி போட்டிருந்தது.

"இங்க, இங்க, அப்புறம் இங்க."

"எதுக்கு சிஸ்டர்?"

"அடைப்பு இருக்காம். ஸ்டென்ட் வைக்கணும். டாக்டர் காத்துக்கிட்டிருக்காரு, சீக்கிரம் போடுங்க சார்."

சித்தி என் முகத்தைப் பார்த்தார். நான் போட்டுவிட்டேன். எழுத்தைத் தொழிலாக வைத்திருப்பவன், ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை.

சித்தப்பா நன்றாகத்தான் இருக்கிறார், தினமும் நடக்கப் போகிறார். ஆனாலும் ஒரு விஷயம் வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. ஆஞ்சியோகிராம் செய்யும்போது நோயாளிக்குப் பொதுவாக முழு மயக்கம் கொடுப்பதில்லை. மணிக்கட்டிலோ தொடையிலோ மரத்துப்போக ஊசி போடுவார்கள், அவ்வளவுதான். சித்தப்பா உள்ளே பேசிக்கொண்டுதான் இருந்தார். அவரை விட்டுவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் ஏன் அனுமதி கேட்டார்கள்?

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியிலேயே பதில் சொல்லியிருக்கிறது. வழக்கு டெல்லியில் 1995-இல் நடந்த சம்பவத்தைப் பற்றியது. மாதவிடாய்ப் போக்கு நிற்கவில்லை என்று ஒரு கிளினிக்குக்குப் போனார் 44 வயதான, திருமணமாகாத பெண் ஒருவர். லேப்ராஸ்கோப்பி வழியாக உள்ளே பார்த்து என்ன கோளாறு என்று கண்டறிய ஒப்புதல் கொடுத்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது மருத்துவரின் உதவியாளர் வெளியே வந்து, அங்கே காத்திருந்த தாயாரிடம் ஒப்புதல் பெற்றுக்கொண்டு போனார். கண் விழித்தபோது அந்தப் பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும் கருக்குழாய்களும் அகற்றப்பட்டிருந்தன. தேசிய நுகர்வோர் ஆணையம் அவருடைய புகாரைத் தள்ளுபடி செய்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போய் அவர் ஜெயித்தார்.

மருத்துவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நோயாளியின் நன்மைக்கென்று நினைத்தே செய்திருக்கிறார் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் நல்லெண்ணம் இருந்தாலும் ஒப்புதல் இல்லாமல் செய்தது தவறு என்றது. கண்டறிவதற்குக் கொடுத்த ஒப்புதல் சிகிச்சைக்குச் செல்லாது. வயது வந்த, சுயநினைவு திரும்பக் காத்திருக்கக்கூடிய ஒருவருக்காகத் தாயார் சம்மதித்தாலும் அது சம்மதமல்ல. உயிருக்கு ஆபத்து, தள்ளிப்போட்டால் உடல்நிலை கெட்டுவிடும் என்ற நிலையில் மட்டும் விலக்கு உண்டு. கேட்ட இழப்பீடு 25 லட்சம், கிடைத்தது 25,000 ரூபாய். அறுவை சிகிச்சைக்கான கட்டணமும் மருத்துவருக்குக் கிடையாது என்றார்கள். பதின்மூன்று வருட அலைச்சலுக்கு இந்தத் தொகை எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது. நமக்கு அதைவிடப் பெறுமதியானது அந்தத் தீர்ப்பு வகுத்துக் கொடுத்த முறை.

என்ன செய்யப்போகிறார்கள், எதற்காக, அதனால் என்ன பயன், வேறு வழி உண்டா, பெரிய ஆபத்துகள் எவை, வேண்டாம் என்றால் என்ன ஆகும்: இவை அனைத்தையும் சொன்ன பிறகு கிடைப்பதுதான் ஒப்புதல். லட்சத்தில் ஒருவருக்கு வரக்கூடிய சிக்கலையெல்லாம் அடுக்கி மருத்துவர் பயமுறுத்த வேண்டியதில்லை. அதையும் நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இதய மருத்துவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மாரடைப்போடு வந்தவரின் ரத்தக்குழாயைத் திறக்க நிமிடக் கணக்கு பார்க்க வேண்டும். மாரடைப்பு இல்லாதவர்களுக்கும் இரண்டு முறை குழாய் செலுத்துவது இரண்டு வலி, இரண்டு செலவு. அதற்கும் வழி இருக்கிறது. "அடைப்பு தெரிந்தால் அப்போதே ஸ்டென்ட் வைக்கலாமா?" என்று முந்தின நாளே நோயாளியிடம் கேட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒப்புதல் வாங்கலாம். தீர்ப்பு இதை அனுமதிக்கிறது. சித்தப்பா ஒரு நாள் முன்பே வார்டில்தான் இருந்தார். கேட்க ஆளில்லை.

ஸ்டென்ட் பற்றி இன்னொன்று. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு அதற்கு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு அன்று வைத்த வரம்பு 29,600 ரூபாய், பிறகு அவ்வப்போது மாறி வருகிறது. பில்லில் ஸ்டென்டின் விலை, பிராண்டு, தயாரிப்பு நிறுவனம், பேட்ச் எண் எல்லாம் தனியாக இருக்க வேண்டும். 'பேக்கேஜ்' என்ற ஒரே வரியில் எல்லாவற்றையும் அடக்கியிருந்தால் பிரித்துக் கொடுக்கச் சொல்லலாம்.

பெண்கள் விஷயத்தில் கையெழுத்து இன்னும் வினோதமாக இடம் மாறுகிறது. வயது வந்த பெண்ணின் கருக்கலைப்புக்கு 1971-ஆம் வருடச் சட்டம் கேட்பது அவளுடைய ஒப்புதலை மட்டுமே. ஆனாலும் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பும் இடங்கள் உண்டு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தார்கள். அங்கேயும் அதையொட்டிய முகாம்களிலும் சேர்த்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது. விவரங்களைப் பெண்ணுக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும், அதன்பின் யோசிக்கச் சுமார் ஒரு மணி நேரம் தர வேண்டும் என்றும் சொன்னது. ஒரு மணி நேரம்! நமக்கு ஒரு நிமிடம்கூடத் தருவதில்லை.

"எது நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல" என்ற வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயப்படுகிறவர்கள் நிறைய. அந்த வரி அலட்சியத்தைக் காப்பாற்றாது. நாம் ஏற்பது சிகிச்சைக்கே உரிய ஆபத்தை, கவனக்குறைவை அல்ல.

தவறு நடந்துவிட்டதாகத் தோன்றினால் முதலில் கேட்க வேண்டியது கேஸ் ஷீட். நகலை எழுத்துமூலம் கேளுங்கள், கேட்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 1995-இலிருந்தே மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இதில் வராது. அதற்கு சிவில் நீதிமன்றமும் மனித உரிமை ஆணையமும் இருக்கின்றன.

மருத்துவரின் நடத்தையைப் பற்றிய புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். அது இழப்பீடு தராது, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். காவல் நிலையத்தை மட்டும் முதல் படியாக நினைக்காதீர்கள். கிரிமினல் வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, படுமோசமான அலட்சியம் வேண்டும் என்று 2005-இலேயே தீர்ப்பாகிவிட்டது. ஆத்திரத்தில் கண்ணாடியை உடைத்தாலோ வழக்கு நம் பக்கம் திரும்பும். அதற்கென்றே தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச்சட்டம் இருக்கிறது.

போன வருடம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். வேறொரு மருத்துவமனை, அதே அட்டை, அதே பெருக்கல் குறிகள். இந்த முறை நான் பேனாவை வாங்கவில்லை. "அம்மாகிட்டயே சொல்லுங்க சிஸ்டர், அவங்க கண்ணுதானே" என்றேன். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி மருத்துவரைக் கூப்பிட்டார். அவர் கட்டிலோரம் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசினார். என்ன லென்ஸ், எதற்கு, என்ன ஆகலாம் என்று எல்லாம் சொன்னார். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அடுப்புக்கிட்ட எத்தனை நாள் போகக் கூடாது தம்பி?"

நான்கு தாளில் எங்கும் அது இல்லை. மருத்துவர் சிரித்துக்கொண்டே ஓரத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார். அதன் கீழே அம்மா கையெழுத்துப் போட்டார்.