தகவல் துளி: தென்துருவ மலைக்கு யார் பெயர்?

அண்டார்க்டிகாவில், இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையத்துக்குத் தெற்கே வோல்தாட் மலைத்தொடர் இருக்கிறது. 1938-39இல் அங்கு சென்ற ஜெர்மன் பயணக்குழு, அந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்த அரசு உயரதிகாரியின் பெயரை அதற்குச் சூட்டியது. அதே கண்டத்தின் மேரி பேர்டு நிலப்பகுதியில், 990 மீட்டர் உயரமுள்ள ஒரு மலைக்கு 'சின்ஹா மலை' என்று பெயர். 1971-72இல் கப்பலில் சென்று சீல்களையும் திமிங்கிலங்களையும் பறவைகளையும் கணக்கெடுத்த, பீகாரில் பிறந்த உயிரியலாளர் அக்கௌரி சின்ஹாவுக்கு அமெரிக்கா அளித்த சிறப்பு அது. இரண்டில் பின்னதே நியாயமான வழக்கம். பதவியைவிடக் களப்பணிக்கே வரைபடத்தில் இடம் தகும்.

பெயர் வைப்பதே நிலத்தை வளைத்துப்போடும் தந்திரம்தானே என்று கேட்கலாம். ஆனால் 1959இல் கையெழுத்தான அண்டார்க்டிக் உடன்படிக்கை புதிய உரிமைக் கோரிக்கைகளுக்கு இடம் தரவில்லை. பழைய பெயர்களை மாற்றினால் குழப்பம் வரும் என்பது உண்மை. அவை அப்படியே இருக்கட்டும். களப்பணியோ இன்றும் தொடர்கிறது: நம் பன்வேலில் உள்ள இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனமும் மைத்ரியில் காந்தப்புலத்தை அளந்து வருகிறது. இனிப் பெயர் சூட்டும்போது, இப்படிப் பனியில் உழைப்பவர்களுக்கே முதலிடம் தரவேண்டும்.