முயலகனும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

வலிப்பு நோய்க்குத் தமிழில் வழங்கிய பழம்பெயர்களுள் ஒன்று முயலகன் என்பது. கூத்தப்பெருமானின் திருவடியின் கீழ்க் கிடக்கும் குறள் வடிவுக்கும் அதுவே பெயர். வடமொழியார் அபஸ்மாரம் என்றனர்; நினைவு நீங்குதல் என்பது அச்சொல்லின் பொருள். திருச்சிராப்பள்ளிக்கு அருகில் இன்று திருவாசி என வழங்கும் திருப்பாச்சிலாச்சிராமத்தில், மழநாட்டுத் தலைவனாகிய கொல்லி மழவனின் மகளை இந்நோய் பற்றியிருந்ததையும், திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அதனைத் தீர்த்ததையும் பெரிய புராணத்தில் சேக்கிழார் உரைக்கின்றார். அத்தலத்து நடராசரின் திருவடிக் கீழ் முயலகன் இல்லை, பாம்பே உள்ளது.

பக்தியுடையோர் அப்பதிகத்தின் பெருமையை எண்ணி உருகுவர். நாம் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புவது அத்தந்தையின் செயலை. அவன் ஒரு நாட்டுக்குத் தலைவன். செய்த மருத்துவமெல்லாம் பயன்படாத நிலையில், மகளை மாளிகையின் உள்ளறையில் ஒளித்து வைக்காமல், ஊரார் அனைவரும் வந்து போகும் கோயிலில் கொண்டுவந்து கிடத்தினான். அவளைக் கண்டவர் வினவினர். வினவியதால் உதவி வந்தது.

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் பிழைக்க வந்து வாழும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் செய்வது இதற்கு நேர்மாறானது. அக்கம்பக்கத்தார்க்குத் தெரிந்தால் ஊருக்குச் செய்தி எட்டிவிடும் என்று அவர்களிடம் மறைக்கின்றோம். ஊராருக்குத் தெரிந்தால் பெண்ணின் திருமணம் தடைப்படும் என்று அவர்களிடமும் மறைக்கின்றோம். பள்ளி ஆசிரியையிடம் சொல்வதில்லை, வீட்டுக்காரரிடம் சொல்வதில்லை, சில வீடுகளில் பாட்டிக்கும் தெரியாது. நோயினால் வரும் கேட்டைவிட இம்மறைப்பினால் வரும் கேடு பெரிது என்பது நம் துணிபு.

முதலில் நோய் இன்னதென்று காண்போம். மூளையின் நரம்பணுக்கள் மிக நுண்ணிய மின் துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஏதோ ஒரு காரணத்தால் அவற்றுள் ஒரு கூட்டம் முறைமீறி ஒரே சமயத்தில் துடிக்குமாயின், அதுவே வலிப்பாக வெளிப்படுகின்றது. இஃது ஆவியின் சேட்டையோ முன்வினைப் பயனோ அன்று, ஒருவரைத் தொட்டதால் மற்றவர்க்கு வருவதுமன்று, பைத்தியமுமன்று. கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் ஒரு நூல், இந்நோய் தெய்வக் குற்றத்தால் வருவதன்று, மூளையில் தோன்றுவது என்று ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன்பே வாதிட்டது. மூளையின் மின் அலைகளை மனிதரிடம் பதிவு செய்து காட்டும் வழியை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் கண்டார். இன்று மருத்துவமனைகளில் எடுக்கும் இ.இ.ஜி. சோதனை அதன் வழிவந்ததே. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆகவே நம் வீட்டில் மட்டும் வந்தது என்று வெட்கப்பட இடமில்லை.

வலிப்பு என்றதும் கீழே விழுந்து, கைகால் உதறி, வாயில் நுரை தள்ளுவதே நம் கண்முன் வருகின்றது. காக்காய் வலிப்பு என்னும் பெயரும் கால்கை வலிப்பு என்பதன் திரிபே. பாவம், காக்கைக்கும் இதற்கும் உறவில்லை. ஆனால் எல்லா வலிப்பும் அவ்வாறு வருவதில்லை. வகுப்பில் ஒரு சிறுமி சில நொடிகள் விழித்தபடி வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடவாதது போல எழுத்தைத் தொடர்வாள். நாளுக்குப் பலமுறை இது நிகழலாம். ஆசிரியை கவனக்குறைவு என்று கண்டிப்பார். வேறொருவர் திடீரென்று வாயைச் சப்புக்கொட்டி, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, கேட்ட கேள்விக்கு விடையின்றி நிற்பார். இவையும் வலிப்பின் வகைகளே. குழந்தை கனவு காண்கிறது என்றும், கணவர்க்கு அலுவலகக் கவலை என்றும் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடும் வீடுகள் உண்டு.

காரணங்கள் பல. பிறக்கும்பொழுது மூச்சுத் தடைப்படுதல், தலைக்காயம், மூளைக் காய்ச்சல், பக்கவாதம், பிறவிக் கூறு என்று நீளும். பலரிடம் காரணம் புலப்படுவதே இல்லை. எனினும் நம் நாட்டுக்கு உரிய இரண்டைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

ஒன்று, பன்றி நாடாப்புழு. சரியாக வேகாத பன்றி இறைச்சியை உண்பவர் குடலில் இப்புழு வளர்கின்றது. அதன் முட்டைகள் அவர் மலத்தோடு வெளியேறி, கழுவாத கையாலும், அசுத்த நீராலும், அந்நீர் பாய்ந்த கீரை காய்கறிகளாலும் பிறர் வயிற்றை அடைகின்றன. அங்கிருந்து இளம்புழு இரத்தத்தின் வழியே மூளையை எட்டிச் சிறு கட்டியாகத் தங்கும்போது வலிப்பு உண்டாகின்றது. நாம் இறைச்சியையே தொடாதவர்கள், நமக்கு எப்படி வரும் என்று கேட்கும் சைவக் குடும்பத்தார்க்கு விடை இதுவே: முட்டை வருவது இறைச்சியில் அன்று, பச்சையாக உண்ணும் காயில். ஸ்கேன் படத்தில் தெரியும் இத்தகைய சிறு கட்டியை முன்பு காசநோய் என்று கருதி நெடுங்காலம் மருந்து கொடுத்தனர். அவற்றுட் பெரும்பாலானவை இப்புழுவினால் ஆனவை என்பதை 1980களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் ஆராய்ந்து காட்டினர். கட்டி கரைந்துவிட்டால் பலர்க்கு நோயும் நீங்குகின்றது. கொத்துமல்லியையும் வெள்ளரியையும் ஓடும் நீரில் நன்கு கழுவுவது தாய்மார்களுக்குப் பெரிய வேலையன்று.

மற்றொன்று வெந்நீர் வலிப்பு. மிகச் சூடான நீரைச் செம்பு செம்பாகத் தலையில் வார்த்துக்கொள்ளும்போது மட்டும் சிலர்க்கு வலிப்பு வருகின்றது. உலகில் அரிதாகிய இவ்வகை, கர்நாடகத்தில் மைசூர்ப் பக்கத்தில் மிகுதியாகக் காணப்பட்டது, தமிழ்நாட்டிலும் உண்டு. எண்ணெய் தேய்த்துக் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதே சுகம் என்று கருதும் நம்மவர் இதை அறிந்திருத்தல் நலம். நீரின் சூட்டைக் குறைத்தாலே பலர்க்குப் பாதித் தொல்லை தீரும்.

இனி, கண்ணெதிரே ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் செய்ய வேண்டியது. நம்மவர் உடனே சாவிக்கொத்தைத் தேடுவர். இரும்பைக் கையில் திணித்தால் நிற்கும் என்பது நம்பிக்கை. வடநாட்டில் மிர்கி என்று கூவிச் செருப்பையோ வெங்காயத்தையோ மூக்கில் பிடிப்பர். இரு நாட்டு வழக்கங்களையும் ஒருங்கே கண்ட பேறு நமக்கு வாய்த்திருக்கின்றது! வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானே அடங்கும். சாவியைக் கண்டுபிடித்துக் கொண்டுவரவும் அவ்வளவு நேரமே ஆகின்றது. புகழ் சாவிக்குப் போகின்றது.

உண்மையில் வேண்டுவன சில செயல்களே. அருகிலுள்ள கூர்மையான பொருள்களை விலக்குக. தலைக்குக் கீழே மடித்த துண்டை வைக்க. கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றுக. மெல்ல ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் எச்சில் வெளியே வழிந்து மூச்சுத் தடையின்றி ஓடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்க. கைகாலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டி, விரல், துணி எதையும் நுழைக்கக் கூடாது. நாக்கை விழுங்கிவிடுவார் என்பது வீண் அச்சம், பல் உடைவதே மெய். முற்றும் தெளியும் வரை தண்ணீரோ காப்பியோ புகட்டலாகாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், தெளியுமுன் மறுபடி வந்தாலும், அதுவே முதல் வலிப்பாயினும், கருவுற்றவராயினும், தண்ணீரில் நேர்ந்தாலும், அடிபட்டிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நீடித்த வலிப்பை நிறுத்த மூக்கில் தெளிக்கும் மிடாசோலம் என்னும் மருந்து இப்பொழுது கிடைக்கின்றது; மருத்துவர் எழுதித் தந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

மறைப்பின் கேடு இங்கேதான் முதலில் தெரிகின்றது. மேற்சொன்னவற்றை வீட்டார் மட்டும் அறிந்திருந்து என்ன பயன்? பிள்ளை பகலெல்லாம் பள்ளியில் இருக்கின்றான். கணவர் தொழிற்சாலையில் இருக்கின்றார். அடுத்த வீட்டு மராத்திய அம்மையாரோ வகுப்பாசிரியையோ அறிந்திருந்தாலன்றி, வாயில் கரண்டியை நுழைக்கும் கை அவர்களுடையதாகவே இருக்கும்.

மருத்துவரிடம் போகும்போது இன்னொரு தொல்லை எழுகின்றது. இந்நோயைக் கண்டறிய மிகவும் துணை செய்வது இயந்திரமன்று. பக்கத்திலிருந்து பார்த்தவர் சொல்லும் சொல். இ.இ.ஜி. சோதனை நோயுடையார் பலரிடமும் குறையொன்றும் காட்டாதிருப்பதுண்டு. நோயாளிக்கோ நடந்தது ஒன்றும் நினைவிராது. பார்த்தவர் பெரும்பாலும் தாய்; அவருக்கு இந்தி வாராது. அவர் தமிழில் சொல்ல, பன்னிரண்டு வயது அண்ணன் மொழிபெயர்க்க, மருத்துவர் செவியில் விழுவது 'மயக்கம் வந்தது' என்னும் இரண்டு சொற்கள். எந்தக் கை முதலில் இழுத்தது, தலை எப்பக்கம் திரும்பியது, கண் திறந்திருந்ததா, எவ்வளவு நேரம், உறக்கத்திலா விழிப்பிலா என்பனவெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. தாய் தமிழிலேயே இவற்றைக் குறித்து வைக்கட்டும். மொழி அறிந்த அன்பர் ஒருவர் உடன் சென்று படித்துச் சொல்லட்டும். அரைநாள் விடுப்பு எடுத்து வரக்கூடியவர் ஒவ்வொரு குடியிருப்பிலும் இருப்பார்; ஆனால் சொன்னாலன்றி அவர் வாரார். கைப்பேசியில் வலிப்பைப் படம் பிடித்துக் காட்டுவதும் மருத்துவர்க்கு மிகப் பயன்படும்.

மருந்தைப் பற்றி நம்பிக்கையோடு பேசலாம். 1857இல் புரோமைடு, 1912இல் பீனோபார்பிட்டால், 1938இல் பெனிட்டாயின் என்று தொடங்கிய வரிசை இன்று நீண்டுள்ளது. முறையாகச் சிகிச்சை பெற்றால் பத்துப் பேரில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பழைய மருந்துகள் விலை மலிவானவை. இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ வலிப்பு வாராதிருந்தால், சிலர்க்கு மருத்துவர் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துவதும் உண்டு. தாமாகவே சட்டென்று நிறுத்துவோர்க்கு அடங்காத வலிப்பு வந்து உயிருக்கே முடியலாம்.

நம்மவர் மருந்து தவறுவது பெரும்பாலும் ஊருக்குப் போகும்போது. மும்பையிலிருந்து நாகர்கோவில் செல்ல ஒரு நாளுக்கு மேல் ஆகின்றது. மாத்திரை இருக்கும் பெட்டி இருக்கைக்கு அடியில் மூட்டைகளுக்குப் பின்னால் கிடக்கும். இரவில் உறக்கமில்லை. ஊரில் இறங்கினால் திருமணக் கூட்டம், கண்விழிப்பு, கோயில் விரதம். சீட்டில் எழுதிய பெயருள்ள மாத்திரை அவ்வூர்க் கடையில் இல்லை. உறக்கக் குறைவும் மருந்து தவறுதலும் சேர்ந்தால் வலிப்பை அழைத்து விருந்து வைப்பது போலாகும். பயண நாள்களுக்கு மேல் பத்து நாளைக்கு மிகுதியான மாத்திரை கைப்பையில் இருக்க வேண்டும். மருந்துச் சீட்டின் படி ஒன்றும் உடனிருக்க வேண்டும். பங்காளிகள் நடுவில் மாத்திரை விழுங்க நாணி இரண்டு வேளை விட்டவர்களும் உளர்.

மருந்துக்கு அடங்காத சிலர்க்கு அறுவை மருத்துவம் உண்டு. கனடாவில் பென்ஃபீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி 1952இல் வேலூரில் இந்நோய்க்கு அறுவை செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் இது நடைபெற்று வருகின்றது.

நோயுடையவர் பள்ளிக்குப் போகலாம், வேலை பார்க்கலாம், விளையாடலாம். 1976-77இல் இங்கிலாந்து அணியின் தலைவராக இந்நாட்டு மைதானங்களில் ஆடிய டோனி கிரெய்க் இந்நோயுடையவர். தென்னாப்பிரிக்காவின் ஜான்டி ரோட்ஸும் அவ்வாறே. ஆயினும் வண்டி ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கான உறுதிமொழியிலேயே இந்நோய் உண்டா என்னும் வினா இருக்கின்றது. லோக்கல் ரெயிலின் வாயிலில் தொங்குவதும் நடைமேடையின் விளிம்பில் நிற்பதும் ஆகா. குளியலறைக் கதவைத் தாழிடாமல் சாத்திக்கொள்வதும், அடுப்பருகே தனியே நெடுநேரம் நில்லாதிருப்பதும் வேண்டும்.

எஞ்சியது திருமணம். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில், அடிக்கடி வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்னும் பொருள்பட 1976இல் ஒரு திருத்தம் நுழைந்தது. 1999இல் வலிப்பு என்னும் சொல் அச்சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் நீக்கப்பட்டது. இன்று இந்நோயுடையார் மணம் புரியச் சட்டம் தடையில்லை. ஆனால் வஞ்சித்துப் பெற்ற இசைவு, திருமணத்தை நீக்கக் கோருவதற்கு இன்றும் ஒரு காரணமாகவே உள்ளது. எனவே மறைத்து மணம் முடிப்போர், இல்லாத தடைக்கு அஞ்சி இருக்கும் ஆபத்தில் இறங்குகின்றனர்.

வழக்கு மன்றம் வரை போகாத துன்பம் இன்னும் கொடியது. சொல்லாமல் மணமுடித்து அனுப்பப்பட்ட பெண், புகுந்த வீட்டில் யாரும் காணாமல் எங்ஙனம் நாளுக்கு இருமுறை மாத்திரை உண்பாள்? முதல் வாரத்தில் ஒளிந்து உண்பாள். இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுவாள். பிறகு வலிப்பு அனைவர் முன்னிலையிலும் வரும். இன்னொன்றும் உண்டு. வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யவல்லவை. கருவுறுவதற்கு முன்பே மருத்துவரைக் கண்டு, வேண்டுமாயின் மருந்தை மாற்றிக்கொண்டு, ஃபோலிக் அமில மாத்திரையும் உண்ணத் தொடங்க வேண்டும். அவ்வாறு செய்தவர்களுள் பெரும்பாலோர் நலமான பிள்ளைகளைப் பெறுகின்றனர். கணவன் அறியாமல் இவற்றுள் எதையும் செய்ய இயலாது. ஆகவே நிச்சயத்துக்கு முன்னரே, தரகர் வழியாகவன்றிப் பெண்ணின் தந்தை தாமே பிள்ளை வீட்டாரிடம் நோயின் பெயரையும், கடைசியாக வலிப்பு வந்த நாளையும், உண்ணும் மருந்தையும் சொல்லிவிடுக; அவர்கள் விரும்பினால் மருத்துவரிடமே அழைத்துச் சென்று கேட்கச் செய்க. பிள்ளைக்கு நோயிருப்பின் பிள்ளை வீட்டார்க்கும் இதே கடமை உண்டு. அதை மட்டும் நம்மவர் ஏனோ பேசுவதில்லை.