ஜிஎஸ்டி ரோட்டில் ஸ்போர்ட்ஸ் செடான்: அந்த ‘பிக்-அப்’ சந்தோஷத்துக்கு என்ன விலை?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. பால் வண்டிகள், ஒன்றிரண்டு அரசுப் பேருந்துகள் தவிர ஜிஎஸ்டி ரோடு காலியாகக் கிடக்கிறது. வண்டலூர் தாண்டியதும் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் போதும், முதுகு சீட்டில் அழுந்துகிறது. ஸ்பீடோமீட்டரைப் பார்த்தால் 40-ல் இருந்து 80-க்கு வந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஓட்டுகிறவர் முகத்தில் தானாக ஒரு சிரிப்பு வந்துவிடும்.

அதே ரோடு, திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. இரும்புலியூரில் இருந்து பெருங்களத்தூர் வரை ஃபர்ஸ்ட் கியர், செகண்ட் கியர், மறுபடியும் ஃபர்ஸ்ட் கியர். பக்கத்தில் நிற்கும் ஷேர் ஆட்டோவும் இதே வேகத்தில்தான் போகிறது.

“இவ்ளோ காசு கொட்டி வாங்கி, டிராஃபிக்ல நிக்கவா?” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல, அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் செடான் என்றால் என்ன?

டிக்கி தனியாக இருக்கும் நான்கு கதவு கார்தான் செடான். அதில் பவர் அதிகமான எஞ்சின், கொஞ்சம் இறுக்கமான சஸ்பென்ஷன், துல்லியமான ஸ்டீயரிங் சேர்ந்தால் ஸ்போர்ட்ஸ் செடான். குடும்பத்தோடு ஊருக்கும் போகலாம், தனியாக ஒரு ரவுண்டும் அடிக்கலாம்.

இதன் உச்சத்தில் இருப்பவை பிஎம்டபிள்யூ எம்340ஐ மாதிரி கார்கள். 3 லிட்டர், 6 சிலிண்டர் எஞ்சின். நின்ற இடத்தில் இருந்து 100 கி.மீ. வேகத்தை 4.4 விநாடிகளில் தொடும் என்கிறது நிறுவனம். மாதச் சம்பளக்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை ஹூண்டாய் வெர்னா டர்போ, ஃபோக்ஸ்வாகன் வெர்டஸ் 1.5, ஸ்கோடா ஸ்லாவியா 1.5. கறாராகப் பார்த்தால் இவை ‘ஸ்போர்ட்டி’ செடான்கள்தான். ஆனால் ஹேட்ச்பேக்கில் இருந்து மாறுகிற ஒருவருக்கு அந்த வித்தியாசமே பெரிது.

சந்தோஷம் எங்கே இருக்கிறது?

பலரும் டாப் ஸ்பீடில் என்று நினைக்கிறார்கள். விஷயம் டார்க்கில் இருக்கிறது. டார்க் என்பது சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசை. டர்போ இல்லாத 1.5 லிட்டர் ஹோண்டா சிட்டியில் அதிகபட்ச டார்க் 145 நியூட்டன் மீட்டர். அது கிடைப்பது 4,300 ஆர்பிஎம்மில். வெர்னா டர்போவில் 253 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,500 ஆர்பிஎம்மிலேயே ஆரம்பித்து 3,500 வரை அப்படியே கிடைக்கிறது. வெர்டஸ், ஸ்லாவியாவில் 250.

வீணாகப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சிறிய விசிறியைச் சுழற்றி, எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் திணிப்பதுதான் டர்போவின் வேலை. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியும், இழுவையும் கூடும். அதனால் எஞ்சினை அலறவிடாமலே லாரியைத் தாண்ட முடிகிறது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், செம பிக்-அப்!

இரண்டாவது காரணம் உயரம். எஸ்யூவியைவிட செடான் தாழ்வாக இருப்பதால் அதன் ஈர்ப்பு மையமும் கீழே இருக்கிறது. வளைவில் திரும்பும்போது கார் ஒரு பக்கமாகச் சாய்வது குறைகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் உடனே கேட்கிறது. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையின் ஒரு சாதாரண வளைவில், 50 கி.மீ. வேகத்திலேயே இந்த வித்தியாசம் கைக்குத் தெரியும்.

அதாவது, இந்தக் கார் தரும் மகிழ்ச்சியில் பெரும்பகுதி 80 கி.மீ. வேகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டு வாங்குபவர்கள் ஏமாறுவதில்லை. 150-ல் போகத்தான் வாங்குகிறேன் என்பவர்களுக்கு இந்தப் புறநகரில் ரோடே இல்லை.

இந்த ஏரியாவுக்கும் செடானுக்கும் என்ன உறவு?

தாம்பரத்தில் இருந்து தெற்கே போனால் மறைமலை நகர். 1999 இறுதியில் அறிமுகமான ஃபோர்டு ஐகான் அங்கேதான் தயாரானது. அதன் 1.6 லிட்டர் எஞ்சினின் இழுவையைப் பற்றி இன்றும் சிலாகித்துப் பேசும் சித்தப்பாக்கள் உண்டு. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. 2022-ல் அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. அங்கே எஞ்சின் தயாரிக்க 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசுடன் அந்நிறுவனம் ஒப்பந்தம் செய்திருக்கிறது.

இன்னும் கொஞ்சம் தள்ளி, சிங்கப்பெருமாள் கோவில் தாண்டினால் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. பிஎம்டபிள்யூ ஆலை 2007-ல் இருந்து அங்கே இயங்குகிறது. மேலே சொன்ன எம்340ஐ 2021 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது, அசெம்பிள் ஆனது இந்த ஆலையில்தான். மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை. வெர்னா அங்கிருந்துதான் வருகிறது. ஸ்போர்ட்ஸ் செடான்கள் பிறக்கிற ஊர்களுக்கு நடுவில்தான் தாம்பரத்துக்காரர்கள் டிராஃபிக்கில் நிற்கிறார்கள்.

எல்லோரும் எஸ்யூவி வாங்கும்போது செடான் எதற்கு?

2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற பயணிகள் வாகனங்களில் சுமார் 65 சதவீதம் எஸ்யூவி, எம்பிவி ரகம். காரணம் எளிது. மழை பெய்தால் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 2015 வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. கார் உயரமாக இருந்தால் ஒரு தைரியம். வயதானவர்களுக்கும் ஏறி இறங்க வசதி. “இவ்ளோ தாழ்வா இருக்கே, முட்டி வலிக்காதாப்பா?” என்று அம்மா கேட்டால், அதற்கு டார்க் கணக்கைச் சொல்லி ஜெயிக்க முடியாது.

அதனால் டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போக வேண்டாம். அப்பா, அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து, உங்கள் தெருவின் பெரிய ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றிப் பாருங்கள். வெர்டஸ், ஸ்லாவியாவின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 179 மி.மீ. என்பதால் பெரும்பாலும் அடி தட்டாது. ஆனால் ஐந்து பேர் ஏறியதும் அது குறையும். வீட்டு வாசலில் தண்ணீர் தேங்குகிற தெரு என்றால், மனசு கேட்காவிட்டாலும் செடானைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

கையில் இருந்து எவ்வளவு போகும்?

முதலில் நல்ல செய்தி. 1,500 சிசிக்கு உட்பட்ட எஞ்சின் கொண்ட, 4 மீட்டருக்கு மேல் நீளமான செடான்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் 17 சதவீத செஸ்ஸும் சேர்த்து 45 சதவீத வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம் ஆகிவிட்டது.

இனி கசப்பான செய்தி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள்கால சாலை வரி உயர்ந்தது. 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். 18 லட்ச ரூபாய் கார் என்றால் சாலை வரி மட்டும் 3.24 லட்சம். இன்சூரன்ஸ் தனி. 10 லட்சத்துக்கு மேல் போகும் கார்களுக்கு 1 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

லோனுக்கும் ஒரு கணக்கு போடலாம். 15 லட்சம், 9 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதம் சுமார் 31,100 ரூபாய். மொத்த வட்டி சுமார் 3.7 லட்சம். அதையே 7 வருடமாக நீட்டினால் இஎம்ஐ சுமார் 24,100 ஆகக் குறையும், வட்டி 5.3 லட்சத்தை நெருங்கும். இஎம்ஐ கட்டுகிற நாளில் வண்டி ஓட்டும் சந்தோஷம் காணாமல் போகிறது என்றால், ஒரு வேரியன்ட் கீழே இறங்கிப் பார்ப்பதில் தப்பில்லை. வெர்டஸிலும் ஸ்லாவியாவிலும் 1 லிட்டர் டர்போகூட 178 நியூட்டன் மீட்டர் தருகிறது.

டெலிவரி நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

டிஎன் 11 நம்பர், மாலை, விபூதி, குங்குமம், நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம், வல்லக்கோட்டை முருகனுக்கு ஒரு பூஜை. இதெல்லாம் இல்லாமல் தாம்பரத்தில் கார் எடுத்த மாதிரியே இருக்காது. ஆனால் அதற்கு முன்பே ஒருநாள் போய் காரைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3225 என்றால் 2025-ன் 32-வது வாரம். பெயின்ட், கண்ணாடி, ஸ்பேர் வீல் எல்லாவற்றையும் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கட்டலாம்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கும்போது ஆக்சிலரேட்டரில் கால் வேண்டாம். ஆட்டோமேட்டிக் கார் பிரேக்கை விட்டாலே நகரும். டெல்லியில் 2025 செப்டம்பரில் இதே சடங்கின்போது ஆக்சிலரேட்டர் அழுந்தி, ஒரு புத்தம்புது கார் ஷோரூமின் முதல் மாடியில் இருந்து கீழே விழுந்தது.

தினசரி டிராஃபிக்கில் தாங்குமா?

வெர்னா டர்போ, வெர்டஸ் 1.5 கார்களில் வரும் 7 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், டூயல் கிளட்ச் வகை. கியர் மாற்றுவதில் மின்னல். ஆனால் இன்ச் இன்ச்சாக நகரும் டிராஃபிக்கில் கிளட்ச் சூடாகும். முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, மொத்தமாக நகர்வது நல்லது. முதல் 1,000 கி.மீ. வரை எஞ்சினை அதிக ஆர்பிஎம்முக்குக் கொண்டு போகாமல், ஒரே வேகத்தில் வெகுநேரம் ஓட்டாமல் இருந்தால் எஞ்சின் பக்குவப்படும்.

வேகமாக ஓட்டியே தீர வேண்டும் என்றால்?

60-ல் இருந்து 100-க்குப் போனால் வேகம் ஒன்றே முக்கால் மடங்குகூட ஆகவில்லை. ஆனால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. 100-ல் போகும் கார் ஒரு விநாடியில் சுமார் 28 மீட்டர் ஓடிவிடும். ஜிஎஸ்டி ரோட்டில் குறுக்கே நடக்கிறவருக்கு உங்கள் காரின் பிக்-அப் தெரியாது. வெர்னா, வெர்டஸ், ஸ்லாவியா மூன்றுமே 2023-ல் குளோபல் என்கேப் சோதனையில் 5 ஸ்டார் வாங்கியவைதான். அந்த ஸ்டார் முக்கியமாக உள்ளே இருப்பவர்களைக் காப்பதற்கு.

அந்த ஆசைக்கு ஒரு முறையான இடம் பக்கத்திலேயே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக், சுமார் 3.7 கி.மீ. நீளம், 1990-ல் இருந்து இயங்குகிறது. இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 வீரரான நரேன் கார்த்திகேயன் தொடக்கக் காலத்தில் ஓட்டிய டிராக் அது. சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க ‘டிராக் டே’ நடக்கும்போது விசாரித்துப் போகலாம். ஒரு எச்சரிக்கை: ரேஸ், வேகப் பரிசோதனையில் ஏற்படும் சேதத்துக்கு சாதாரண கார் இன்சூரன்ஸ் பணம் தராது.

மற்ற நாட்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை இருக்கவே இருக்கிறது. 80 கி.மீ. வேகம், பக்கத்து சீட்டில் பிடித்த ஒருவர், வழியில் ஒரு ஃபில்டர் காபி. ஏழரை மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். அதற்குப் பிறகு ரோடு மறுபடியும் ஷேர் ஆட்டோக்களுக்குச் சொந்தம்.