மலடி என்று சொல்வதற்கு முன்

திருமணமாகி இரண்டு ஆண்டுகளாகியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லையென்றால், நம் தோட்டப்புறங்களில் முதலில் எழும் சொல் ‘மலடி’. நேர்த்திக்கடனும் நாட்டு மருந்தும் மருமகளுக்கே. மகனையும் பரிசோதிக்க வேண்டுமென்று எத்தனை மாமியார்கள் சொல்கிறார்கள்?

குழந்தையின்மைக்கு ஆணும் காரணமாகலாம். அதில் நாம் பேசக் கூசும் ஒன்று, உடலுறவால் தொற்றும் கிருமி நோய். வெட்டை நோய் எனப்படும் கொனோரியாவின் கிருமியை 1879-இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் நைசர் கண்டறிந்தார். சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் சீழும் இதன் அறிகுறிகள். மற்றொன்றான கிளமிடியா, பல ஆண்களிடம் அறிகுறியே இல்லாமல் தங்கியிருக்கும்.

கவனியாது விட்டால் கிருமி விதைப்பை வரை சென்று, விந்தணு செல்லும் மெல்லிய குழாயைப் புண்ணாக்கும். புண் ஆறிய தழும்பு குழாயை அடைத்துவிடலாம். மரத்தில் பால் இருந்தும், கோட்டில் ஒட்டுப்பால் அடைத்துக்கொண்டால் மங்கில் விழாதல்லவா? அதுபோலத்தான்.

மருந்து கிருமியைக் கொல்லும். விழுந்த தழும்பை நீக்காது. ஆகவே நாள் கடத்தாதீர்கள். அந்நாளில் கைகொடுத்த பென்சிலினுக்குக் கொனோரியா இப்போது அடங்குவதில்லை. கடை மாத்திரையை நம்பாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். கணவனும் மனைவியும் ஒரே சமயத்தில் சிகிச்சை பெற வேண்டும். இல்லையேல் நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மீண்டும் தொற்றும்.

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லையென்றால் இருவரும் சேர்ந்தே செல்லுங்கள். விந்துப் பரிசோதனை எளியது, வலியற்றது. பெற்றோர்களே, மருமகளைக் குறை சொல்லுமுன் மகனையும் கிளினிக்குக்கு அனுப்புங்கள்.