முதுமைக்குக் கை கொடுக்கும் கீரை

ஜவ்வாது மலை சாமை விளையும் மலை. சாமைச் சோற்றுடன் முருங்கைக் கீரையையோ தண்டுக் கீரையையோ சேர்த்து உண்ணும்போது, சாமை போதிய அளவில் தராத ஒரு பொருளைக் கீரை தந்துவிடுகிறது. அதுதான் வைட்டமின் கே.

இது கண்டறியப்பட்ட கதை சுவையானது. 1929இல் டென்மார்க் அறிஞர் ஹென்ரிக் டாம், கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பு நீக்கிய தீனியைக் கொடுத்து வந்தார். குஞ்சுகளின் தோலுக்கடியில் இரத்தம் கசிந்தது. தீனியில் குறைந்திருந்த பொருளுக்கு 1935இல் 'கே' எனப் பெயரிட்டார். 'கோயாகுலேஷன்' என்றால் உறைதல். அதை 'கே' எழுத்தில் தொடங்கி எழுதுவது டேனிஷ், ஜெர்மன் மொழிகளின் வழக்கம். அமெரிக்க அறிஞர் எட்வர்ட் டாய்சி இதன் வேதியியல் அமைப்பைக் கண்டறிந்தார். இருவரும் 1943ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இரத்தம் உறைவதற்கும் முதுமைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். உடலில் உள்ள சில புரதங்கள் உருவானவுடனேயே வேலைக்குத் தயாராகிவிடுவதில்லை. அவை கால்சியத்தைப் பிடிக்க ஒரு 'கொக்கி' வேண்டும். அக்கொக்கியை மாட்டித் தரும் வேலையில் வைட்டமின் கே உதவுகிறது. 1974இல் இவ்வுண்மை வெளியாயிற்று. இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்கள் மட்டுமல்ல, எலும்பிலுள்ள ஆஸ்டியோகால்சின் என்ற புரதமும், இரத்தக் குழாய்ச் சுவரில் கால்சியம் படியாமல் தடுக்கும் வேறொரு புரதமும் இக்கொக்கியை நம்பியே இருக்கின்றன.

வயதாக ஆக எலும்பு கால்சியத்தை இழக்கிறது. இரத்தக் குழாயிலோ அது படிகிறது. எனவேதான் முதியோருக்கு இந்த வைட்டமின் குறையக்கூடாது என்கிறோம். ஆனால் மாத்திரையாக விழுங்கினால் எலும்பு முறிவு குறையும் என்று ஆய்வுகள் ஒருமுகமாகக் காட்டவில்லை. உணவே சிறந்த வழி.

அமெரிக்கப் பரிந்துரைப்படி நாளொன்றுக்கு ஆண்களுக்கு 120 மைக்ரோகிராம், பெண்களுக்கு 90 மைக்ரோகிராம் போதும். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! ஒரு கிண்ணம் கீரை இத்தேவையை நிறைவு செய்யும். இந்த வைட்டமின் கொழுப்பில் கரைவது; ஆகவே கீரையைச் சிறிது எண்ணெய் விட்டுத் தாளித்து உண்ணுங்கள். சமைப்பதால் இது பெரிதும் அழிந்துவிடாது.

ஓர் எச்சரிக்கை. இதய நோய்க்காக வார்ஃபரின் போன்ற மருந்து உண்ணும் முதியவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அம்மருந்து வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்தே இரத்தம் உறைவதைக் குறைக்கிறது. அவர் திடீரென்று கீரையை மிகுதியாக உண்டால் மருந்தின் வலு குறையும். திடீரென்று நிறுத்தினால் இரத்தக் கசிவு நேரலாம். அவர் கீரையை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டு, மாற்றம் செய்வதற்கு முன் மருத்துவரைக் கேட்பதே பாதுகாப்பு.