சமையற்கட்டில் எத்தனை டிகிரி?

2022 மே மாதத் தொடக்கத்தில், கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செருவத்தூரில் ஒரு கடையில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்துபோனார். அதே கடையில் சாப்பிட்ட பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களைப் பரிசோதித்தபோது தெரியவந்த கிருமியின் பெயர் ஷிகெல்லா.

கோழிக்கறி என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சால்மோனெல்லாவை. அது கோழியின் குடலில் வாழ்வது, கறியோடு கடைக்குள் நுழைவது. ஷிகெல்லா அப்படியல்ல. அதற்கு இயல்பான இருப்பிடம் மனிதக் குடல்தான். எனவே ஓர் உணவகத்தில் ஷிகெல்லா இருந்தால் அது பெரும்பாலும் கழிப்பறையிலிருந்து தண்ணீர் வழியாக வந்திருக்கும், அல்லது யாரோ ஒருவரின் கை வழியாக வந்திருக்கும். பத்து முதல் நூறு கிருமிகள் உள்ளே போனாலே ஆளைப் படுக்கவைக்கும். சோப்புப் போடாமல் கழுவிய விரல் நுனிக்கு இது பெரிய எண்ணிக்கையே அல்ல.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் நாமக்கல்லில் இதே கதை. ஷவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி இறந்தார், நாற்பதுக்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்குப் போனார்கள். வழக்கம்போல் தமிழ்நாடு முழுக்க ரெய்டு நடந்தது, கிலோ கணக்கில் பழைய கறி குப்பைக்குப் போனது, நாளிதழ்களில் படம் வந்தது. இரண்டு வாரம் ஷவர்மா கம்பிகள் சுற்றவில்லை. பிறகு சுற்றத் தொடங்கின.

அந்தக் கம்பியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். மசாலாவில் ஊறிய எலும்பில்லாத கறியை அடுக்கடுக்காகக் குத்தி, கூம்பு போல நிறுத்தி, பக்கவாட்டில் எரியும் நெருப்பின் முன்னால் சுழலவிடுகிறார்கள். வேகுவது வெளிப்புறத்தில் ஒரு விரல் கனம் மட்டுமே. உள்ளே இருப்பது பச்சைக் கறி. வெந்ததைச் சீவ, அடுத்த அடுக்கு நெருப்புக்கு முகம் காட்டுகிறது. ஆள் வருகிற வேகமும் கறி வேகிற வேகமும் ஒத்துப்போகும்வரை தொல்லையில்லை. ஞாயிறு இரவு எட்டு மணிக்குக் கடை வாசலில் கூட்டம் முட்டும்போது, மாஸ்டர் பாதி வெந்ததையும் சேர்த்தே சீவுகிறார். ஒன்பதரைக்குக் கூட்டம் கலைந்ததும் கேஸை மிச்சம் பிடிக்க நெருப்பைக் குறைக்கிறார். இப்போது கறி 40, 45 டிகிரியில் வெதுவெதுப்பாக நிற்கிறது. கிருமிக்கு அதைவிடச் சுகமான இடம் வாய்க்காது. கடையடைக்கும்போது மிஞ்சியது ஃப்ரீசருக்குப் போய், மறுநாள் அதே கம்பிக்குத் திரும்பினால், முந்தைய நாளின் கணக்கும் சேர்ந்தே திரும்புகிறது.

இதையெல்லாம் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. 2006-ல் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. தள்ளுவண்டியில் பஜ்ஜி போடுகிறவரும் பதிவுச் சான்று வாங்க வேண்டும். பெரிய கடைக்கு உரிமம். பில்லில் பார்க்கிறோமே, 14 இலக்க எண், அதுதான். உரிமம் வாங்கியவர் கடைப்பிடிக்க வேண்டிய சுகாதார முறைகள் 2011-ம் ஆண்டு விதிகளின் நான்காவது அட்டவணையில் இருக்கின்றன. வடிகால், எலித்தொல்லை, தண்ணீர்த் தொட்டி, தலைக்கு மூடும் தொப்பி என நீளமான பட்டியல். அதில் உணவக முதலாளிகள் மறக்காமல் செய்வது ஒன்றுதான்: தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றிதழ். உடல் பரிசோதனை, கண், தோல், டைஃபாய்டு வகைக் காய்ச்சலுக்கு ஊசி, ஒரு மருத்துவரின் கையெழுத்து. அதிகாரி வந்தால் கோப்பைத் திறந்து காட்டலாம்.

அந்தக் காகிதம் எவ்வளவு தூரம் காப்பாற்றும்? மேரி மலானைக் கேட்டால் தெரியும். அயர்லாந்திலிருந்து அமெரிக்கா போய்ப் பணக்கார வீடுகளில் சமையல்காரியாக இருந்தவர். 1906 கோடையில், நியூயார்க்கை அடுத்த ஆய்ஸ்டர் பேயில் ஒரு வங்கியாளர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் 11 பேரில் 6 பேருக்கு டைஃபாய்டு வந்தது. துப்பறியப் போன ஜார்ஜ் சோப்பர், அந்தச் சமையல்காரி முன்பு வேலை பார்த்த வீடுகளிலும் இதே காய்ச்சல் வந்துபோயிருப்பதைக் கண்டுபிடித்தார். கொதித்த குழம்பில் கிருமி பிழைக்காதே, பிறகு எப்படி? பீச் பழத்தை நறுக்கிப் போட்ட ஐஸ்கிரீமை அவர் சந்தேகித்தார். அதற்கு அடுப்பே கிடையாது, கை மட்டும்தான்.

மேரி திடகாத்திரமாக இருந்தார். கிருமி பித்தப்பையில் தங்கி, விட்டுவிட்டு மலத்தில் வெளியேறிக்கொண்டிருந்தது. நகரச் சுகாதாரத் துறையின் பரிசோதனைகளில் பெரும்பாலானவற்றில் கிருமி தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. அவரே ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரிகளிலோ கிருமியே இல்லை. அந்த முடிவுகள் வந்த நாளில் நம்மூர் மருத்துவர் யாராவது இருந்திருந்தால் சந்தோஷமாகச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருப்பார். மூன்று ஆண்டு தீவில் அடைத்துவைத்துவிட்டு, இனிச் சமைக்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு 1910-ல் விட்டார்கள். துணி வெளுக்கும் வேலைக்குப் போனார். அதில் சமையலுக்குக் கிடைத்த சம்பளம் கிடைக்கவில்லை. 1915-ல் ஒரு பிரசவ மருத்துவமனையில் 25 பேருக்கு டைஃபாய்டு வந்து 2 பேர் இறந்தபோது, அங்கே வேறு பெயரில் சமைத்துக்கொண்டிருந்தவர் மேரிதான். அதன் பிறகு 1938-ல் சாகும்வரை அவரை வெளியே விடவில்லை.

இந்த அனுபவங்களையெல்லாம் அலசிய உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1989-லேயே சொல்லிவிட்டது: உணவு கையாள்பவர்களுக்கு வேலையில் சேரும்போதும் குறிப்பிட்ட இடைவெளியிலும் நடத்தும் வழக்கமான மருத்துவப் பரிசோதனை, ஆகும் செலவுக்குத் தக்க பலன் தருவதில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. ஜனவரியில் வாங்கிய சான்றிதழ், மார்ச்சில் வரும் பேதியை எப்படி அறியும்?

இருந்தாலும் எங்கே சாவு நடந்தாலும் அரசுகளின் கை முதலில் போவது சான்றிதழ் பக்கம்தான். கேரளம் 2023-ல் உணவகத் தொழிலாளர்கள் அனைவருக்கும் ஹெல்த் கார்டு கட்டாயம் என்றது. சில வாரங்களிலேயே, பணம் கொடுத்தால் பரிசோதனை இல்லாமலே கார்டு கிடைக்கிறது என்று தொலைக்காட்சிச் செய்தி வெளியாகி, அரசு மருத்துவர் சஸ்பெண்ட் ஆனதுதான் கண்ட பலன். ஆனால் அதே கேரளம் அப்போது கொண்டுவந்த இன்னொரு விதியை நான் பாராட்டுவேன். பார்சலில் ஸ்டிக்கர் ஒட்டி, எப்போது தயாரித்தது, எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுத வேண்டும். இது ஆளைச் சோதிக்கவில்லை, நேரத்தைச் சோதிக்கிறது. கிருமி மதிப்பது நேரத்தையும் சூட்டையும்தான்.

அந்த நான்காவது அட்டவணையில் சூட்டுக்கும் விதி இருக்கிறது. சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிராகப் பரிமாறுவது 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. நடுவில் இருக்கும் 55 டிகிரிதான் ஆபத்து மண்டலம். நம் ஊர்களில் அறையின் சூடே அந்த மண்டலத்தின் மையத்தில் இருக்கிறது.

பரோட்டா கடைச் சால்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது லிட்டர் அண்டாவில் தளதளவென்று கொதித்த சால்னாவில் கிருமி செத்திருக்கும். ஆனால் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் போன்ற சில கிருமிகள் விதை போன்ற ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு கொதியையும் தாங்கும். இரவு பதினொரு மணிக்கு அடுப்பை அணைத்து, மிஞ்சியதை அண்டாவோடு மூடிவைத்துவிட்டு மாஸ்டர் தூங்கப் போகிறார். அவ்வளவு பெரிய பாத்திரம் ஆற விடியும்வரை ஆகும். 45 டிகிரி வாக்கில் அந்த விதைகள் முளைத்து, ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. ஏட்டுக் கணக்கில் ஐந்தே மணி நேரத்தில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். அதே சால்னாவை அகலமான தட்டுகளில் இரண்டு அங்குல ஆழத்துக்கு ஊற்றி, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்திருந்தால் இந்தக் கணக்கே ஓடியிருக்காது. செலவு? நாலு தட்டு.

‘நல்லா சூடு பண்ணிட்டா எல்லாம் செத்துடும்ணே’ என்பது சமையற்கட்டில் எல்லோரும் நம்பும் வாசகம். பாதிதான் உண்மை. கிருமி சாகும், அது விட்டுச்சென்ற நஞ்சு சாக வேண்டும் என்பதில்லை. விரலில் இருக்கும் சின்னக் கொப்புளத்திலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவில் சேரும் ஸ்டஃபைலோகாக்கஸின் நஞ்சு கொதிநீரைத் தாங்கும். ஆறிய சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸின் வாந்தி நஞ்சு, குக்கரின் 121 டிகிரியையும் தாங்கும். நேற்றைய சோற்றை இன்று எலுமிச்சை சாதமாகவோ ஃப்ரைட் ரைஸாகவோ மாற்றினால் ருசி மாறும், நஞ்சு மாறாது.

இவற்றைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஃபோஸ்டாக் என்ற பயிற்சி (சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் வேறு). உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் தொடங்கியது. சிறு உணவகங்களுக்கான அடிப்படை வகுப்பு நான்கு மணி நேரம், கடைசியில் ஒரு தேர்வு. தேறியவருக்கு உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் என்ற சான்றிதழ், இரண்டு ஆண்டு செல்லுபடி. 25 தொழிலாளர்களுக்கு இப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பாடத்திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். கை கழுவுவது, பச்சைக் கறிக்கு வேறு பலகை வேறு கத்தி, ஆறவைப்பது, உறைந்த கறியை உருக்குவது என எல்லாம் அதில் வருகிறது. குறை, வகுப்பில் யார் உட்கார்ந்தார் என்பதில். நம் கடைகளில் அது பெரும்பாலும் கல்லாவில் இருக்கும் மேனேஜர், அல்லது முதலாளியின் மகன். இரவு பதினொரு மணிக்கு அண்டாவை மூடுகிறவர் அல்ல. அண்டாவை மூடுகிறவர் ஒடிசாவிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்தவராக இருக்கலாம். அவருக்கு அவர் மொழியில் யார் சொல்வது? சிங்கப்பூரில் உணவைத் தொடும் ஒவ்வொருவரும் அடிப்படைப் பயிற்சி முடித்தாக வேண்டும். அந்த ஊரும் அனுபவப்பட்டுத்தான் கெடுபிடியானது. 2009-ல் கேலாங் செராய் சந்தையில் ரோஜாக் என்ற பண்டம் விற்கும் ஒரு கடையில் சாப்பிட்ட 154 பேர் படுத்தார்கள், 2 பேர் இறந்தார்கள். பச்சை மீனில் இருக்கும் கிருமி சமைத்த பண்டத்துக்குத் தாவியதுதான் காரணம்.

கையுறை பற்றியும் ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் கையுறை போட்டுக்கொண்டு ரோல் சுற்றி, அதே கையுறையோடு ஐநூறு ரூபாய் நோட்டை வாங்கிச் சில்லறை கொடுத்து, மறுபடி கீரையை அள்ளுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கையுறை அவர் கையைத்தான் சுத்தமாக வைத்திருக்கிறது.

தடை என்ற ஆயுதமும் இருக்கிறது. பொதுநலன் கருதி ஓர் உணவை ஓராண்டுவரை தடைசெய்ய மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையருக்குச் சட்டத்தின் 30-வது பிரிவு அதிகாரம் தருகிறது. 2025 ஏப்ரல் 8 முதல் தமிழ்நாடு பச்சை முட்டை மயோனைஸுக்கு அப்படித் தடை போட்டது. அறிவியல்படி நியாயமான முடிவுதான். சால்மோனெல்லாவின் ஒரு வகை, கோழியின் சினைப்பையிலேயே புகுந்து, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். ஓட்டை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. அந்த முட்டையைப் பச்சையாக எண்ணெயோடு அடித்து, மேசையில் மாலை முழுக்க வைத்துப் பரிமாறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முட்டை வேகாமல் கிருமி மட்டும் சாகும் அளவுக்கு, 60 டிகிரியை ஒட்டிச் சில நிமிடங்கள் சூடேற்றிய முட்டைக் கலவையைக் கொண்டு செய்தால் இந்த அபாயம் நீங்கும்.

ஆனாலும் சட்டத்தில் நான் காணும் பெரிய ஓட்டை வேறிடத்தில். வயிற்றுப்போக்கு, வாந்தி, சீழ்ப்புண் இருப்பவர் உணவைத் தொடக் கூடாது என்று விதி சொல்கிறது. பிரிட்டனில் இன்னும் தெளிவாக, பேதி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சமையற்கட்டுக்கு வராதே என்கிறார்கள். நம் கடையில் சப்ளையருக்கும் பாத்திரம் கழுவுகிறவருக்கும் நாள் சம்பளம். இரண்டு நாள் வராவிட்டால் அந்தக் காசு போச்சு, சில இடங்களில் வேலையே போச்சு. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வருவாரே தவிர, பேதி என்று வாயைத் திறக்கமாட்டார். மேரி மலானைச் சமையற்கட்டுக்குத் திரும்பவைத்ததும் இதே கூலிக் கணக்குதான். உரிமம் தருகிறபோது மருத்துவச் சான்றிதழைக் கேட்கும் அதிகாரிகள், நோய் விடுப்புக்குச் சம்பளம் உண்டா என்ற கேள்வியையும், கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் எங்கே என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். அந்தத் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான்.

சாப்பிடப் போகும் நமக்கு ஒரு விஷயம். உடம்புக்கு முடியாமல் போனால் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத் திட்டுவது வழக்கம். ஸ்டஃபைலோகாக்கஸ் நஞ்சு சில மணி நேரத்தில் வேலையைக் காட்டும். பெர்ஃப்ரிஞ்சன்ஸ் 6 முதல் 24 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஷிகெல்லா ஒன்றிரண்டு நாள் பொறுத்துத்தான் வரும். ஆகவே மூன்று நாள் சாப்பாட்டையும் நினைவுபடுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். பார்சலில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடாமல் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள், பில்லையும் எடுத்துவையுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குப் புகார் தரும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும். சந்தேகமான உணவை நாமே அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கச் சட்டத்தின் 40-வது பிரிவு இடம் தருகிறது. அதற்கு வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். உணவு விதிக்கு ஏற்றதல்ல என்று அறிக்கை வந்தால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.